சிங்கத்தின் கண்ணில் நீர்: லூயிஸ், டோல்கீன், மெக்டொனால்ட் கதைகளில் விசுவாசமும் கற்பனையும்

பனிக்காட்டு_வாசகி

போன வாரம் சிறுவர் நாவல்கள் பற்றிய இழையில் ஒருவர், சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள் (நார்னியா என்ற மாய உலகம், அங்கே அஸ்லான் என்ற சிங்கம்) எல்லாமே சிங்கத்தோல் போர்த்திய ஞாயிறு பள்ளிப் பாடம்தான் என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் தனி இழை.

சி.எஸ். லூயிஸ் ஒரு போதனையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குக் கதைச் சட்டை தைத்தவர் என்பதுதான் பலருடைய எண்ணம். அவர் வாழ்க்கையில் நடந்த வரிசையே வேறு. அவருக்கு விசுவாசம் வந்ததே கற்பனையின் வாசல் வழியாகத்தான்.

1916இல் அவருக்கு 17 வயது. கடவுள் நம்பிக்கையைத் தூக்கிப்போட்டுவிட்ட பையன். ரயில் நிலையப் புத்தகக் கடையில் 'ஃபேன்டஸ்டீஸ்' என்ற பழைய நாவலை வாங்குகிறான். ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858இல் எழுதியது. தேவதைகளும் மரங்களும் நிழல்களும் உலவும் கதை, உபதேசம் எதுவும் கிடையாது. அந்த இரவைப் பற்றிப் பின்னாளில் லூயிஸ் எழுதும்போது, என் கற்பனை அன்று ஞானஸ்நானம் பெற்றது, மற்றதெல்லாம் பெறுவதற்கு நாளாயிற்று என்கிறார். அந்த நாள் ஆக 15 வருஷம் பிடித்தது!

1931 செப்டம்பர் 19, ஆக்ஸ்ஃபோர்டு மாட்லின் கல்லூரியின் ஆடிசன் நடைபாதையில் நண்பர்கள் டோல்கீன், ஹ்யூகோ டைசன் இருவரோடும் லூயிஸ் இரவில் நடக்கிறார். அதற்குள் கடவுள் உண்டு என்பதுவரை வந்துவிட்டார், கிறிஸ்துதான் பிடிபடவில்லை. பால்டர், அடோனிஸ் போன்ற, செத்துப் பிழைக்கும் தெய்வங்களின் தொன்மங்கள் அவரை உலுக்குகின்றன, அதே கதை சுவிசேஷத்தில் வரும்போது மட்டும் மனம் அசையவில்லை. நண்பர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: பால்டர் கதையை வாங்கிக்கொள்ளும் அதே மனத்தோடு இதையும் வாங்கிக்கொள், வித்தியாசம் ஒன்றுதான், இது நடந்த தொன்மம். பேச்சு நடுவே, காற்றே இல்லாத அந்த வெதுவெதுப்பான இரவில் திடீரென்று ஒரு காற்று வீசி, இலைகள் சடசடவென்று கொட்டுகின்றன. மழைதான் வந்துவிட்டது என்று நினைத்து மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். டோல்கீன் வீட்டுக்குக் கிளம்பும்போது அதிகாலை மூன்று மணி. அடுத்த சில நாட்களிலேயே லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்.

இப்போது எனக்கு நெருக்கமான பக்கத்துக்கு வருகிறேன். நார்னியா வரிசையில் ஆறாவதாக வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ', 1955. மந்திரவாதியின் மருமகன் என்று வைத்துக்கொள்வோம். டிகொரி என்ற பையன், லண்டனில் மாமா வீட்டில் இருக்கிறான், அப்பா இந்தியாவில், அம்மா படுத்த படுக்கையாகச் சாகக் கிடக்கிறாள். அவன் செய்த தப்பால், நார்னியா பிறந்த அன்றே அதற்குள் ஒரு சூனியக்காரி நுழைந்துவிட்டாள். அதற்குப் பரிகாரமாக ஒரு பழத்தைக் கொண்டுவரச் சொல்கிறது அஸ்லான் என்ற சிங்கம். அம்மாவைக் குணப்படுத்தினால்தான் போவேன் என்று பேரம் பேச ஒரு கணம் நினைக்கிறான், இங்கே பேரம் செல்லாது என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. சரி என்று சொல்லிவிடுகிறான். சொன்ன பிறகு தொண்டை அடைக்க, அம்மாவுக்கு ஏதாவது தர மாட்டீர்களா என்று கேட்டேவிடுகிறான். அதுவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தது சிங்கத்தின் பெரிய பாதங்களையும் நகங்களையும்தான். இப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறான். முகம் அவனருகே குனிந்திருக்கிறது, கண்களில் பெரிய பெரிய கண்ணீர்த்துளிகள். தன்னைவிடச் சிங்கத்துக்குத்தான் அம்மாவை நினைத்து அதிக வருத்தமோ என்று பையனுக்கே ஒரு நொடி தோன்றிவிடுகிறது.

லூயிஸின் அம்மா 1908 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தார், அப்போது லூயிஸுக்கு 9 வயது. பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தார், இறந்த பிறகும் அதிசயம் நடக்கும் என்று காத்திருந்தார். அதே 1955இல் வந்த தன்வரலாற்றில் அந்த ஜெபத்தைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார்: அன்று நான் கடவுளை இரட்சகராகவும் பார்க்கவில்லை, நியாயாதிபதியாகவும் பார்க்கவில்லை, ஒரு மந்திரவாதியாகத்தான் பார்த்தேன். வந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டிய மந்திரவாதி.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது இந்த 'மந்திரவாதி' என்ற சொல்லில் நான் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டதைச் செய்யாத கடவுளோடு 47 வருஷம் மனசுக்குள் பேசிய ஒருவர் எழுதிய பக்கம் அது. பிரசாரம் செய்பவர் அந்த இடத்தில் ஒரு பதிலை வைத்திருப்பார். லூயிஸ் வைத்தது கண்ணீரை.

வெளிச்சக்கீற்று

அந்த இழையில் அப்படி எழுதியது நான்தான். கோபமாக எழுதவில்லை, ஏமாந்த வருத்தத்தில் எழுதினேன்.

எனக்குப் பத்து வயதில் நார்னியா கிடைத்தது. வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. அலமாரிக்குள் நுழைந்தால் பனிக்காடு, விளக்குக் கம்பம், எனக்கு அது போதும். கல்லூரியில் ஒருவர், அஸ்லான்தான் இயேசு, அது பலியாகும் கல்மேசைதான் சிலுவை என்று விளக்கியபோது என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் யாரோ குடியிருந்தது போல் இருந்தது. அப்புறம் லூயிஸின் கட்டுரை ஒன்றில், காவல் காக்கும் டிராகன்களுக்குத் தெரியாமல் நழுவி உள்ளே போய்விடலாமே என்று அவரே எழுதியிருப்பதையும் பார்த்தேன். குழந்தைக்குத் தெரியாமல் உள்ளே நுழைவதைத் தந்திரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? முதல் கதையில் நார்னியாவுக்குப் போன சிறுமி சூசன், கடைசிப் புத்தகத்தில் லிப்ஸ்டிக், விருந்து என்று போய்விட்டாள் என்பதற்காக அவளை வெளியே நிறுத்திவிட்டதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பனிக்காட்டு_வாசகி

//காவல் காக்கும் டிராகன்களுக்குத் தெரியாமல்//

அந்தக் கட்டுரை 1956இல் வந்தது, முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். டிராகன் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன வயதில் அவரிடம், கடவுளைப் பற்றி இப்படி உணர வேண்டும், கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து இப்படித் துக்கப்பட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே உணர்ச்சி உறைந்துபோய்விட்டதாம். உணர வேண்டும் என்ற கட்டாயமே உணர்வைக் கொன்றுவிடுகிறது. தாழ்ந்த குரல், பயபக்தி முகம், கண்ணாடி ஓவியம், இவைதான் அவர் சொன்ன டிராகன்கள். அவர் ஏமாற்ற நினைத்தது உங்களைப் போன்ற குழந்தையை இல்லை. கோயில் பெஞ்சில் கைகட்டி உட்காரவைக்கப்பட்ட என்னைப் போன்ற குழந்தைக்குத்தான் அந்தப் பின்வாசலைத் திறந்தார். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அழுகை வராததற்காகக் குற்ற உணர்ச்சியோடு வீடு திரும்பியிருக்கிறேன். அஸ்லானைக் கல்மேசையில் கட்டி, பிடரியைச் சிரைத்த பக்கத்தில்தான் முதல் தடவை அழுதேன்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார். எல்லாம் படங்களாகத்தான் தொடங்கியதாம்: குடை பிடித்த ஃபான் (பாதி மனிதன், பாதி ஆடு), பனிச்சறுக்கு வண்டியில் ஒரு ராணி, ஒரு பெரிய சிங்கம். ஆரம்பத்தில் அவற்றில் கிறிஸ்தவமாக எதுவுமே இல்லை, அது தானாக உள்ளே வந்து சேர்ந்தது என்கிறார். இதில் அந்த ஃபான், பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக அவருடைய 16 வயதிலேயே மனதில் வந்த படம். அந்த முதல் நார்னியா நாவல் வந்தது 1950இல்.

சூசன் விஷயத்தில் உங்களோடு எனக்கும் வருத்தம் உண்டு. அவள் திருந்தி வர நிறைய காலம் இருக்கிறது என்று ஒரு வாசகச் சிறுவனுக்கு லூயிஸ் கடிதத்தில் எழுதினார், ஆனால் கடிதத்தில் சொன்னதைக் கதையில் செய்திருக்க வேண்டும்.

கடலோரத்தான்

நான் கத்தோலிக்கன், டோல்கீன் பக்கம். அவருக்கு நார்னியா பிடிக்கவே இல்லை என்பதையும் இங்கே வைக்க வேண்டும். லூயிஸை அந்த இரவில் கரையேற்றியவரே, லூயிஸின் கதையை ஏற்கவில்லை.

டோல்கீனின் மோதிரங்களின் தலைவன் ('தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') மூன்று பாகங்களையும் (1954–55) புரட்டிப் பாருங்கள், ஒரு கோயில் இல்லை, பூசாரி இல்லை, ஜெபம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. ஆனால் 1953இல் ராபர்ட் முர்ரே என்ற இயேசு சபைக்காரருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்புதான், முதலில் என்னை அறியாமல் அப்படி அமைந்தது, திருத்தும்போது அறிந்தே அப்படிச் செய்தேன் என்கிறார். சடங்குகளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டதற்குக் காரணமே, சமயம் கதைக்குள் கரைந்துவிட்டது என்பதுதான். உப்பு கரைந்த தண்ணீரில் உப்பைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாது, குடித்தால் தெரியும்.

கதையின் மையமான தீய மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள், பழைய மரபில் கிறிஸ்து சிலுவையில் இறந்த நாளும் அதுவே. கதைக்குள் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. எல்ஃப் என்ற அமர இனத்தார் தரும் லெம்பாஸ் அப்பத்தைப் பாருங்கள், வேறு சாப்பாடு இல்லாமல் அதை மட்டுமே நம்பி நடக்கும்போதுதான் அதன் பலம் கூடுகிறது, வயிற்றைவிட மன உறுதிக்குத்தான் அது ஊட்டம். நற்கருணை வாங்கிப் பழகியவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது எரிமலை விளிம்பில் நடப்பது. மோதிரத்தை அழிக்க அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்த ஃப்ரோடோ கடைசி நிமிஷத்தில் தோற்றுப்போகிறான், மோதிரம் என்னுடையது என்கிறான். மோதிர வெறியோடு பின்தொடர்ந்து வந்த கோல்லம், மோதிரத்தோடு அவன் விரலைக் கடித்து எடுத்துக்கொண்டு தானே விழுகிறான். உலகம் தப்பியதற்குக் காரணம், முன்பு மோதிரத்தை வைத்திருந்த பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் கோல்லம்மேல் இரக்கப்பட்டு அவனைக் கொல்லாமல் விட்டது. மனுஷ பலத்தால் முடியாத இடத்தில், முன்பு செய்த இரக்கம் திரும்பி வந்து நிற்கிறது. அருள் என்ற சொல்லைச் சொல்லாமல் அருளை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டி நான் படித்ததில்லை.

வெளிச்சக்கீற்று, உங்களுக்கு நான் சொல்வது 'லீஃப் பை நிகிள்' என்ற சிறுகதை, 1945இல் ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில் வந்தது. நிகிள் ஒரு சின்ன ஓவியன். ஒரு இலையில் ஆரம்பித்து ஒரு பெரிய மரம் வரைய ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் பாரிஷ் கால் ஊனமுற்றவர், எதற்கெடுத்தாலும் இவனைக் கூப்பிடுவார். மழையில் அவருக்காகச் சைக்கிளில் போய்ச் சளி பிடித்து, படம் முடியாமலே தவிர்க்க முடியாத பயணத்துக்குக் கிளம்ப வேண்டியதாகிறது. படத்துணியை வீட்டுக் கூரைக்கு ஒட்டுப்போட எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு இலை அருங்காட்சியகத்தில் கிடக்கிறது, கடைசியில் அந்தக் கட்டடமும் எரிந்துபோகிறது. ஆனால் பயணத்தின் அந்தப் பக்கம், வெகு நாள் கழித்து, சைக்கிளில் போகிறவன் கீழே விழுகிறான். எதிரே அவனுடைய மரம் நிற்கிறது. முடிக்கப்பட்டு, உயிரோடு, காற்றில் அசைந்துகொண்டு. கைகளை விரித்து, இது ஒரு கொடை என்கிறான்.

மோதிரக் கதையே முடியுமா என்று தவித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது இது. மனிதன் படைக்கப்பட்டவன் என்பதால்தான் அவனும் படைக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றிப் பேசியபோது இதற்குத் துணைப்படைப்பு என்ற பொருளில் ஒரு சொல்லே வைத்திருந்தார். கற்பனை செய்வதே அவருக்கு ஒரு வழிபாடு, அதற்குள் தனியாக எதையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

நெல்லை_ஏடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்த விவாதம் நமக்குப் புதிதில்லை. ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' 1678இல் வந்தது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக பெட்ஃபர்டு சிறையில் 12 வருஷம் கிடந்த, பாத்திரம் அடைக்கும் தொழில் செய்த மனிதர் எழுதியது. அதில் எல்லாப் பெயரும் வெளிப்படை, மோட்சத்துக்குப் போகிறவன் பெயரே கிறிஸ்தியான். ஒளிவுமறைவே இல்லை.

அதைத்தான் எங்கள் ஊர்ப் பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எடுத்து இரட்சணிய யாத்திரிகம் ஆக்கினார், 1894. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனைக் கரைத்துக் குடித்தவர், 30 வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார். பன்யனின் உரைநடை அவர் கையில் விருத்தமாகிவிட்டது. சிலுவையில் அடிப்பவர்களை மன்னியும் என்று சொல்லும் கிறிஸ்துவை அவர் வள்ளல் என்று பாடும் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல் பன்யனிடமிருந்து வந்திருக்க முடியாது. மதம் மாறியவருக்கு, நாக்கில் ஊறிய சொல் மாறவில்லை. கற்பனைக்கு ஞானஸ்நானம் என்று லூயிஸ் சொன்னாரே, இங்கே ஏற்கெனவே பழுத்திருந்த ஒரு கற்பனை அப்படியே உள்ளே வந்திருக்கிறது.

வானொலிப்பெட்டி

டோரதி சேயர்ஸை விட்டுவிடாதீர்கள். துப்பறியும் நாவல்களால் பேர் வாங்கியவர். போர்க்காலத்தில், 1941 டிசம்பர் முதல் 1942 அக்டோபர் வரை, பிபிசியில் கிறிஸ்துவின் வாழ்க்கையை 12 நாடகங்களாக எழுதினார். கிறிஸ்துவுக்கு ஒரு நடிகர் குரல் கொடுப்பதா, சீடர்கள் தெருப் பேச்சுப் பேசுவதா என்று ஒலிபரப்புக்கு முன்பே பெரிய எதிர்ப்பு, பாராளுமன்றம்வரை கேள்வி போனது. மத்தேயு அதில் லண்டன் கடைத்தெரு ஆள் மாதிரி பேசுவார். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய மொழிபெயர்ப்பின் கம்பீர நடையிலேயே கேட்டுக் கேட்டு, சிலுவையில் அறைந்தார்கள் என்பது காதில் ஓசையாகத்தான் விழுகிறது, உண்மையான ஆணி உண்மையான கையில் இறங்கியது என்று யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் அவருடைய ஆதங்கம். லூயிஸ் ஒவ்வொரு வருஷமும் பரிசுத்த வாரத்தில் அந்த நாடகங்களை எடுத்துப் படிப்பாராம்.

வெளிச்சக்கீற்று

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். நிகிள் கதையையும் தேடிப் படித்தேன், அந்த மரம் வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு இன்னும் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிகொரி அத்தியாயத்தையும் மறுபடி படித்தேன். நீங்கள் சொன்னது சரி, அங்கே யாரும் எனக்கு எதையும் விற்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. கதையில் அஸ்லான் கடைசியில் ஆப்பிள் கொடுத்துவிடுகிறது, அம்மா பிழைத்துவிடுகிறாள். லூயிஸின் அம்மா பிழைக்கவில்லையே? அப்படியானால் கண்ணீரும் அந்த ஆறுதலும் கதைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணம்தானா?

பனிக்காட்டு_வாசகி

இந்தக் கேள்விக்கு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

முதலில் மெக்டொனால்ட். அவரும் சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். டோல்கீனுக்கு 12 வயது, அம்மா கத்தோலிக்கரானதால் உறவினர் உதவியை நிறுத்திவிட்டார்கள், 1904இல் நீரிழிவில் இறந்தார், இன்சுலின் இல்லாத காலம். மூன்று பேருமே தாயில்லாப் பிள்ளைகள் என்பதை இந்த இழைக்காக வருஷங்களைச் சரிபார்க்கும்போதுதான் கவனித்தேன். மெக்டொனால்டின் 'தி பிரின்சஸ் அண்ட் தி காப்ளின்' (1872) கதையில் மாடக் கோபுரத்தில் ஒரு பாட்டி நூல் நூற்கிறாள். கண்ணுக்குத் தெரியாத அந்த நூலைச் சின்ன இளவரசி ஐரீன் விரலால் தடவிக்கொண்டே சுரங்க இருட்டுக்குள் போகிறாள். முன்னே போனால் நூல் கையில் இருக்கும், திரும்பிப் போக நினைத்தால் விரலுக்கு அகப்படாது. கூட வரும் கர்டி பையனுக்கு நூல் தட்டுப்படுவதே இல்லை, பாட்டியையும் அவனால் பார்க்க முடியவில்லை. ஐரீனுக்கு ஒரே அழுகை. அப்போது பாட்டி, அவரவர் தங்களால் முடிந்ததைத்தான் நம்ப முடியும், அதிகம் நம்புகிறவர்கள் குறைவாக நம்புகிறவர்களிடம் கடுமை காட்டக் கூடாது என்கிறாள். கிறிஸ்துவை அறியாதவர்களுக்கும் மரணத்துக்கு அப்பால் நம்பிக்கை உண்டு என்று பேசியதற்காக அரண்டெல் ஊர்ச் சபையில் சங்கடம் உண்டாகி, 1853இல் போதகர் வேலையை விட்டு வந்தவர் எழுதிய வரி அது. உங்களிடம் நான் அந்த முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்வி. அந்த நாவல் வந்து ஐந்து வருஷத்தில், 1960 ஜூலையில், லூயிஸின் மனைவி ஜாய் இறந்தார். அம்மாவைக் கொண்டுபோன அதே புற்றுநோய். நடுவே நோய் தணிந்து சில வருஷம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு திரும்பி வந்தது. கதையில் தாய்க்குக் கிடைத்த ஆப்பிள் இங்கேயும் கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கக் கூடும், அது என் ஊகம்தான். அந்தத் துக்கத்தை நோட்டுப் புத்தகங்களில் எழுதி 1961இல் 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்று வேறு பெயரில் வெளியிட்டார். அதன் தொடக்கப் பக்கங்களில் ஆறுதலே இல்லை. வேறு வழியில்லாமல் கடவுளிடம் போனால், முகத்தில் கதவு அறைந்து சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம், இன்னொரு தாழ்ப்பாள், அப்புறம் நிசப்தம் என்று எழுதுகிறார். அதனால் அந்தக் கண்ணீர் கதைக்கு வெளியே உடனே செல்லவில்லை, நீங்கள் கேட்டது நியாயம்.

ஆனால் அதே புத்தகத்தின் கடைசிப் பகுதியில், பதில் இல்லைதான், ஆனால் அது பூட்டிய கதவு மாதிரி இல்லை என்கிறார். பேசாமல் ஒருவர் பார்ப்பது மாதிரி, இரக்கம் இல்லாத பார்வை என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. மறுப்பதற்காகத் தலையை அசைக்காமல், பொறு பிள்ளை, உனக்குப் புரியவில்லை என்பது போலத் தலையை அசைப்பது மாதிரி.

டிகொரி நிமிர்ந்து பார்த்த முகத்துக்குத்தான் அவர் திரும்பி வந்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன், இந்தத் தடவை ஆப்பிள் இல்லாமல்.

வெளிச்சக்கீற்று

கடுமையாக எதுவும் எழுதவில்லை அக்கா, விடுங்கள்.

கர்டிக்குக் கடைசிவரை நூல் தெரியவே இல்லையா? அதை முதலில் படிக்கிறேன். துக்கப் புத்தகத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், எங்கள் வீட்டில் போன வருஷம்தான் ஒரு சாவு.